திடீர் வலுவிழப்பு: பழைய படகு மோட்டரொன்றின் நோய்நாடல்

தமிழ்ச் சங்கமொன்றின் ஆய்விதழிலே, கடற்றொழிலாளர் பயன்படுத்தும் மோட்டரின் பழுதைப் பற்றிய கட்டுரை இடம்பெறுவது சிலருக்கு வியப்பைத் தரக்கூடும். நெய்தற்றிணையின் உரிப்பொருளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கின்றோம். இரங்கலையும் கழியையும் கானலையும் நுணுகி ஆராய்ந்திருக்கின்றோம். ஆயினும் அதே நெய்தல் நிலத்தில் இன்று வாழ்பவன், கரையிலிருந்து பல கிலோமீற்றர் தொலைவில் மோட்டர் திடீரென இளைத்துப்போன கணத்தில் என்ன செய்கிறான், எவ்வாறு சிந்திக்கிறான் என்பது நமது ஆய்வுக்கு உரிய பொருளாக ஒருபோதும் தோன்றியதில்லை. மூளை உழைப்புக்கும் உடல் உழைப்புக்கும் இடையே வர்க்க சமுதாயம் எழுப்பிய சுவர் நமது ஆய்வுத் துறைகளின் எல்லைகளையும் வகுத்துள்ளது என்பதற்கு இது ஒரு சான்று எனலாம்.

இக்கட்டுரையின் நோக்கம் இரண்டு. இரட்டை உருளை கொண்ட பழைய ஈரடிப்பு மோட்டர் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென வலுவிழக்குமாயின், அதன் காரணத்தை எந்த ஒழுங்கிலே தேடுவது என்பதை விளக்குவது முதலாவது. அந்த ஒழுங்கிலே பொதிந்துள்ள அறிவு முறையின் இயல்பைச் சுட்டிக்காட்டுவது இரண்டாவது. இரண்டும் தம்முள் தொடர்புடையன என்பது போகப்போகப் புலனாகும்.

ஒரு நிகழ்வு

வடமராட்சிக் கடற்கரை ஊரொன்றில் என் அம்மான் ஒருவர் கண்ணாடியிழைப் படகு வைத்துத் தொழில் செய்பவர். அவரது மோட்டர் 25 பரிவலு கொண்டது, மண்ணெண்ணெயில் ஓடுவது, இருபது ஆண்டுகளைத் தாண்டியது. வாடைக்காற்றுக் காலத்தின் ஒரு விடியற்புறம், வலையை வளைத்துக்கொண்டு கரைநோக்கி வரும்போது மோட்டரின் ஒலி சட்டென மாறிற்று. முழு வேகத்தில் நீரின்மேல் எழும்பி ஓடிக்கொண்டிருந்த படகு முகப்பு தாழ்ந்து நீருக்குள் அமர்ந்தது. மோட்டர் நிற்கவில்லை, ஆனால் உடம்பெல்லாம் நடுங்கிற்று. விசைப்பிடியை எவ்வளவு திருகியபோதும் வேகம் பாதிக்கு மேல் ஏறவில்லை. காற்று எதிர்முகமாக வீசியது. வழக்கமாக முக்கால் மணி நேரத்தில் முடியும் பயணத்துக்கு அன்று மூன்று மணி நேரத்துக்கு மேலாயிற்று. மோட்டர் முற்றாக நின்றிருப்பின் படகு எங்கே போய்ச் சேர்ந்திருக்கும் என்பதை அவர் எங்களுக்குச் சொல்லவில்லை; சொல்ல வேண்டியதும் இருக்கவில்லை.

மறுநாள் நகரத்து விற்பனை நிலையமொன்றில், மோட்டரைத் திறந்துகூடப் பாராமல், “ஐயா, இதின்ரை காலம் முடிஞ்சுது. தவணையிலை புதுசு எடுக்கலாம்” என்றார்கள். தவணை என்றால் முற்பணம் வேண்டும். முற்பணம் என்றால் வீட்டிலே எஞ்சியிருந்த சோடிக் காப்பு அடகுக்குப் போகவேண்டும். அதன்பின் பிடிபடும் மீனின் விலையை யார் தீர்மானிப்பது என்ற கேள்வியும் எழும். கடன் கொடுத்தவரே மீனையும் வாங்குபவராக இருப்பது எமது கரைகளிலே பழைய உறவு. ஆகவே அந்த மோட்டர் உண்மையில் செத்துவிட்டதா என்பது வெறும் தொழில்நுட்ப வினாவன்று. ஒரு குடும்பம் தன் உழைப்பின் மீது கொண்டிருந்த சிறு அளவிலான உரிமையை வைத்திருப்பதா இழப்பதா என்ற வினாவாகவும் அது இருந்தது.

அம்மான் மோட்டரை நகரத்தில் விடாமல் ஊருக்குத் திருப்பிக் கொண்டுவந்து, கிடுகுக் கொட்டில் ஒன்றிலே மோட்டர் திருத்தும் முதியவர் ஒருவரிடம் கொடுத்தார். அங்கு இரண்டு நாட்கள் உடனிருந்து கண்டவற்றையும் கேட்டவற்றையும் அடிப்படையாகக் கொண்டே பின்வரும் விளக்கம் அமைகின்றது.

இயந்திரத்தின் மூன்று பகுதிகள்

படகின் பின்பலகையிலே கொழுவிக் கழற்றக்கூடிய மோட்டர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான சாதனமாகும். நோர்வேயிலே பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஓலே எவின்றூட் என்பவர் மில்வோக்கி நகரிலே 1909இல் அதனைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அன்று தொட்டு இன்றுவரை அதன் அடிப்படை அமைப்புப் பெரிதும் மாறவில்லை. மேலே எரிபொருளை எரித்து வலுவைப் பிறப்பிக்கும் தலைப்பகுதி. நடுவிலே அவ்வலுவைக் கீழே கொண்டுசெல்லும் நெடுந்தண்டு. அடியிலே பற்சில்லுப் பெட்டியும் நீரைத் தள்ளும் விசிறியும்.

இங்கு ஒரு பொருத்தம் மனங்கொள்ளத்தக்கது. 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதலாம் பாகத்தில், இயந்திரங்களையும் பெருந்தொழிலையும் பற்றிய அதிகாரத்திலே, வளர்ச்சியடைந்த இயந்திரம் எதுவும் இயக்கும் பொறி, கடத்தும் பொறி, வேலை செய்யும் கருவிப்பொறி என மூன்று பகுதிகளைக் கொண்டது என்று மார்க்ஸ் பகுத்துக் காட்டினார். அப்பகுப்பு இம்மோட்டருக்கு அப்படியே பொருந்துகின்றது. நோய்நாடலின் முதற்படியும் இப்பகுப்பிலிருந்தே தொடங்குகின்றது. ‘வலு குறைந்துவிட்டது’ என்ற முறைப்பாடு, வலு பிறக்கவில்லை என்பதையும் குறிக்கலாம். பிறந்த வலு நீரைச் சென்றடையவில்லை என்பதையும் குறிக்கலாம். இரண்டையும் பிரித்தறியாமல் தொடங்கும் ஆராய்ச்சி வீணாகும்.

முதற் பிரிப்பு: ஒலியும் ஓட்டமும்

முதியவர் முதலில் கருவி எதையும் கையிலெடுக்கவில்லை. “தம்பி, சத்தம் கூடி ஓட்டம் குறைஞ்சுதோ, சத்தமும் ஓட்டமும் சேந்து குறைஞ்சுதோ?” என்றுதான் அம்மானைக் கேட்டார். இவ்வொரு கேள்வியிலே நோய்களின் பரப்புப் பாதியாகக் குறைந்துவிடுகின்றது.

சுழற்சி வேகம் ஏறியும் படகு நகரவில்லையாயின் தலைப்பகுதி பெரும்பாலும் நலமாக உள்ளது எனக் கொள்ளலாம். பழுது கடத்தும் பகுதியிலோ விசிறியிலோ இருக்கும். விசிறியின் குடத்துக்குள் அமைந்த றப்பர் உறை பிடிவிட்டு வழுக்குவது பழைய மோட்டர்களிலே பொதுவானது. மெதுவாக ஓடும்போது அது பிடித்துக்கொள்ளும். விசையைக் கூட்டியதும் வழுக்கும். குடத்திலும் அதன் உள்ளுறையிலும் சேர்த்து ஒரு நேர்கோடு கீறிவிட்டு ஒருமுறை ஓடிப்பார்த்தால், கோடு இரண்டும் விலகி நிற்பதிலிருந்து வழுக்கலை உறுதிசெய்யலாம். சிறிய மோட்டர்கள் பலவற்றில் இவ்வுறைக்குப் பதிலாக அமையும் முறியாணி முறிந்திருக்கலாம். மோட்டர் அளவுக்கு மேல் உயரமாகக் கொழுவப்பட்டிருப்பின் விசிறி காற்றை இழுத்து வெறுமனே சுழலலாம்.

சுழற்சி வேகமும் ஓட்டமும் ஒருங்கே குறையுமாயின் பழுது தலைப்பகுதியில் இருக்கலாம். அல்லது மோட்டரின் மீது அளவுக்கு மீறிய சுமை விழுந்திருக்கலாம். விசிறியில் சுற்றிக்கொண்ட வலைத்துண்டும் நைலோன் கயிறும் இந்தச் சுமைக்கு முதற் காரணங்கள். எனவே தலைப்பகுதியைத் திறக்க முன்னர் விசிறியைக் கண்ணாற் பார்த்தல் வேண்டும். அம்மானின் விசிறி சுத்தமாக இருந்தது; ஒலியும் ஓட்டமும் சேர்ந்தே குறைந்திருந்தன.

அடுத்த கேள்வி காலத்தைப் பற்றியது. நோய் எப்பொழுது வந்தது, எப்படி வந்தது, ஓய்வு கொடுத்தபின் போயிற்றா? சில நிமிடங்கள் நன்றாக ஓடி இளைத்து, சற்று நிறுத்தியபின் மீண்டும் சில நிமிடங்கள் நன்றாக ஓடினால், எரிபொருள் போதிய அளவில் வரவில்லை என ஐயுறலாம். நிறுத்தியிருந்த வேளையில் காபரேற்றரின் கிண்ணம் நிரம்பியதே அந்தத் தற்காலிக நலத்துக்குக் காரணம். சூடேறியபின் இளைத்து, நன்றாக ஆறியபின் மீண்டுவந்தால், வெப்பத்திலே கெடும் மின்சுருள் முதலிய மின்னுறுப்புகளை நோக்கவேண்டும். ஒரே கணத்தில் பாதி வலுவை இழந்து, நடுங்கிக்கொண்டு, அப்படியே நிலைத்து நின்றால் இரண்டு உருளைகளில் ஒன்று வேலைநிறுத்தம் செய்துவிட்டது எனக் கருத இடமுண்டு. அம்மான் கூறிய வரலாறு இம்மூன்றாவது வகையைச் சார்ந்தது.

மூன்று தேவைகள்

பொறியால் எரியூட்டப்படும் உள்ளெரி இயந்திரம் எதற்கும் மூன்று தேவைகள் உண்டு: அளவான விகிதத்திலே கலந்த எரிபொருளும் காற்றும், உரிய கணத்திலே தோன்றும் பொறி, அக்கலவையை இறுக்கிப் பிடிக்கும் நெருக்கல். இம்மூன்றில் எது குறைந்தாலும் வலு குறையும். ஆராயும் ஒழுங்கு, எளிதாகச் சோதிக்கக்கூடியதிலிருந்து அரிதாகச் சோதிக்கக்கூடியதற்குச் செல்லவேண்டும். அத்துடன், ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும் என்பது இதன் தலையாய விதியாகும். பிளக்கையும் காபரேற்றரையும் எண்ணெயையும் ஒன்றாக மாற்றிவிட்டு மோட்டர் ஓடுகிறது என்று மகிழ்பவர், எது நோயாக இருந்தது என்பதை அறியாதவராகவே இருப்பார். அடுத்தமுறை நடுக்கடலிலே அந்த அறியாமைக்கு விலை கொடுப்பார்.

எரிபொருள்: தாங்கியின் மூடியிலுள்ள காற்றுத்துளை மூடியிருப்பின் உள்ளே வெற்றிடம் உண்டாகி எண்ணெய் வரத்து நின்றுபோகும். இது அற்பமான காரணமாகத் தோன்றினும் பல மோட்டர்கள் இதனால் ‘நோயாளி’களாகியுள்ளன. எண்ணெய்க் குழாயின் இடையில் உள்ள றப்பர் பந்து சிறந்த சோதனைக் கருவியாகும். வலு குறையும் வேளையில் அதனை அழுத்தியதும் மோட்டர் மீண்டெழுமாயின் நோய் எண்ணெய் வரத்திலே உள்ளது. எண்ணெய்ப் பம்பியின் மென்றகடு கிழிந்திருக்கலாம், அல்லது குழாயில் எங்கோ காற்றுப் புகலாம். பந்து ஒட்டிச் சப்பையாகிக் கிடந்தால் அடைப்பு பந்துக்கும் தாங்கிக்கும் இடைப்பட்ட பக்கத்திலே இருக்கும். பந்து கல்லாக இறுகியிருந்தும் மோட்டர் பட்டினி கிடந்தால் அடைப்பு பந்துக்கு அப்பால், வடிகட்டியிலோ காபரேற்றரிலோ இருக்கும்.

இன்னொரு சோதனை: இளைத்து ஓடும் மோட்டரின் சோக்கை ஒரு கணம் இழுத்துப் பார்ப்பது. வலு ஏறினால் கலவையில் எரிபொருள் குறைவு என்பது தெளிவு. காபரேற்றரின் நுண்துளை அடைபட்டிருக்கக்கூடும். மேலும் மூச்சுத்திணறினால் குறை வேறிடத்தில் உள்ளது. இவற்றோடு வடிகட்டிக் கிண்ணத்து எண்ணெயைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றிச் சிறிது நேரம் வைத்தால், நீர் கலந்திருப்பின் அது அடியிலே தனியாகப் பிரிந்து நிற்பதைக் காணலாம். மாரிகாலத்தில் கரையிலே திறந்து மூடப்படும் கான்களிலிருந்து இந்நீர் வருவது வழக்கம்.

அம்மானின் மோட்டரில் பந்தை அழுத்தியும் மாற்றமில்லை. சோக்கை இழுத்ததும் அது மேலும் திணறிற்று. அன்றியும், அந்த மோட்டரின் இரண்டு உருளைகளுக்கும் ஒரே காபரேற்றர்தான். எண்ணெய்ப் பட்டினியாயின் இரண்டுமே வாடவேண்டும். ஆகவே ஆராய்ச்சி அடுத்த படிக்குச் சென்றது.

பொறி: மோட்டரைத் தண்ணீர்ப் பீப்பாவிலே நிறுத்தி, கியரில் இடாமல் மெதுவாக ஓடவிட்டு, ஒவ்வோர் உருளையின் பிளக் கம்பியாக விலக்கிப் பார்க்கவேண்டும். விலக்கும் கம்பியைக் காப்பிட்ட இடுக்கியாற் பிடித்து, உலோக உடலோடு தொடுத்துவைத்தல் அவசியம். இல்லையெனில் கைக்கும் தீங்கு, மின்பொறி அமைப்புக்கும் தீங்கு. எண்ணெய் ஆவி தேங்கும் மூடிய இடத்தில் இதனைச் செய்யலாகாது. வேலை செய்யும் உருளையின் கம்பியை விலக்கினால் மோட்டர் தளரும் அல்லது நிற்கும். வேலை செய்யாத உருளையின் கம்பியை விலக்கினால் எதுவும் மாறாது. அம்மானின் மோட்டரில் கீழுருளையின் கம்பியை விலக்கியதும் அது நின்றது. மேலுருளையின் கம்பியை விலக்கியபோது அது எப்போதும் போல நடுங்கிக்கொண்டே ஓடியது. உழைக்க மறுத்த உருளை எதுவென்பது ஐயமின்றித் தெரிந்தது.

எனினும் பொறி இல்லாமையினாலா அது வேலை செய்யவில்லை? இதனை அறிய முதியவர் இரண்டு உருளைகளின் மின்சுருள்களையும் இடம் மாற்றினார். மின்சுருளே கெட்டிருப்பின் நோய் அதனோடு கீழுருளைக்கு இடம்பெயரவேண்டும். அது பெயரவில்லை; மேலுருளை முன்போலவே செயலற்றிருந்தது. பிளக்கைக் கழற்றி, உடலோடு தொடுத்து, கயிற்றை இழுத்துப் பார்த்தபோது பொறியும் நீலநிறமாகத் தெறித்தது. பின்னர் இரண்டு பிளக்குகளையும் அருகருகே வைத்து ஒப்பிட்டார். கீழுருளையின் பிளக் வெளிறிய மண்ணிறமாக, நலமான நிறத்தில் இருந்தது. மேலுருளையின் பிளக்கில், வெண்மையான பீங்கான் பகுதியின்மேல் மணல்போன்ற நுண்ணிய பொட்டுகள் மின்னின. “இது அலுமினியம். உள்ளை பிஸ்ரன் தேஞ்சிருக்கு” என்றார்.

நெருக்கல்: பிளக்குகள் இரண்டையும் கழற்றி, அமுக்கமானியைப் பொருத்தி, விசைப்பிடியை முழுதாகத் திறந்து, முள் மேலும் ஏறாது நிற்கும்வரை கயிற்றை இழுக்கவேண்டும். இங்கு தனி எண்ணைவிட ஒப்பீடே முக்கியம். இரண்டு உருளைகளின் அளவுகளும் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பங்குக்குள் ஒத்திருத்தல் வேண்டும். மண்ணெண்ணெய் மோட்டர்களிலே நெருக்கல் விகிதம் இயல்பாகவே குறைத்து அமைக்கப்பட்டிருப்பதால், பெற்றோல் மோட்டருக்குரிய எண்ணை அளவுகோலாகக் கொண்டு அவற்றைத் ‘தேய்ந்தவை’ எனத் தீர்த்துவிடல் தவறாகும். அம்மானின் மோட்டரில் கீழுருளை சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தலை அண்டி நின்றது. மேலுருளை 60ஐத் தாண்டவில்லை. தலைமூடியைத் திறந்தபோது மேலுருளையின் சுவரிலே நெடுங்கோடுகள் விழுந்திருந்தன. பிஸ்ரனின் ஒரு பக்கம் உராய்ந்து, வளையம் பள்ளத்துக்குள்ளேயே ஒட்டிக் கிடந்தது.

காரணத்தின் காரணம்

இவ்விடத்திலே பெரும்பாலானோர் ஆராய்ச்சியை முடித்துக்கொள்வர். நோய் தெரிந்துவிட்டது, புதிய பிஸ்ரன் போட்டால் போதும் என்பர். ஆயின் தேய்ந்த பிஸ்ரன் நோயின் காரணமன்று, நோயின் விளைவு. வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்திலே நோயை அறிதலையும் அதன் மூலத்தை அறிதலையும் வெவ்வேறு படிகளாக வைத்தமை ஈண்டு நினைவுக்கு வரும். மூலத்தை அறியாது போடப்படும் புதிய பிஸ்ரன், சில வாரங்களிலே பழையதன் வழியே போகும்.

முதியவர் கேட்ட கேள்வி இது: “இரண்டு உருளையும் ஒரே எண்ணெயைத்தானே குடிக்குது. ஏன் மேலது மட்டும் எரிஞ்சது?” இக்கேள்வி எரிபொருளை விடுத்து வெப்பத்தின்பால் கவனத்தைத் திருப்பியது. இத்தகைய மோட்டரிலே கடல்நீர் கீழிருந்து மேலேறி உருளைகளைக் குளிர்விக்கின்றது. பற்சில்லுப் பெட்டிக்கு மேலேயுள்ள றப்பர் இதழ்ச்சில்லு நீரை ஏற்றுகின்றது. வரும் நீர் குறையும்போது பெரும்பாலும் முதலில் வாடுவது மேலுருளையே. நீர் வருகிறதா என்பதைக் காட்டவே மோட்டரின் புறத்தே மெல்லிய தாரையொன்று பீச்சும். அத்தாரை அண்மைக் காலமாக மெலிந்திருந்ததை அம்மான் அப்போதுதான் நினைவுகூர்ந்தார்.

நீர்ப்பம்பியைத் திறந்தபோது இதழ்ச்சில்லு புதிதாகவே இருந்தது. ஆறு மாதங்களுக்கு முன் அது மாற்றப்பட்டது என்றார் அம்மான். “பழசிலை எத்தினை இதழ் குறைஞ்சிருந்தது?” “ஒண்டு முறிஞ்சு போச்சு.” “அந்த ஒண்டு எங்கை?” அதனை எவரும் தேடவில்லை. உருளைகளின் நீர்ப்பாதையைத் திறந்து, படிந்திருந்த உப்பையும் மணலையும் சுரண்டியபோது, மேல்நோக்கிய வளைவொன்றிலே அந்த றப்பர்த் துண்டு சிக்கிக் கிடந்தது. ஆறு மாதங்களாக அது நீரைப் பாதி மறித்துக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி உப்புப் படியப் படிய வழி மேலும் ஒடுங்கிற்று. இறுதியிலே எதிர்க்காற்றில் முழு விசையோடு ஓடிய ஒரு விடியலில் மேலுருளையின் பிஸ்ரன் வெப்பத்தாற் பருத்து, சுவரைப் பற்றி உராய்ந்து, வளையத்தை இழந்தது. திடீரெனத் தோன்றிய வலுவிழப்பு உண்மையிலே திடீரென நிகழ்ந்ததன்று. அளவு மாற்றங்கள் கண்ணுக்குப் புலனாகாமல் திரண்டு, ஒரு கட்டத்திலே பண்பு மாற்றமாக வெடிப்பதைப் பற்றி இயங்கியலாளர் கூறுவதற்கு இதனிலும் எளிய எடுத்துக்காட்டு அரிது.

இன்னுமொரு காரணமும் இருந்தது. ஈரடிப்பு மோட்டரில் உராய்வைத் தடுக்கும் எண்ணெய் எரிபொருளோடு கலந்தே செல்கின்றது. அதற்கெனத் தனியான தேக்கம் இல்லை. “எண்ணெய் எவ்வளவு விடுறாய், தம்பி?” என்று முதியவர் கேட்டபோது அம்மான் சற்று நேரம் பேசாமல் நின்றார். பின்னர், விலை ஏறிய நாள் முதலாகச் சிறிது குறைத்தே விடுவதாகச் சொன்னார். மிகு வெப்பமும் குறைந்த எண்ணெயும் சேர்ந்தே அந்தப் பிஸ்ரனைத் தின்றன.

மண்ணெண்ணெயும் வரலாறும்

அம்மானைக் குறைகூறுவது எளிது. ஆனால் எண்ணெயை மிச்சம் பிடிக்க அவரை உந்தியது எது? இலங்கையில் 1950களின் பிற்பகுதியிலிருந்து மீன்பிடித் தொழிலை இயந்திரமயமாக்கும் முயற்சிகள் அரசின் ஆதரவோடு நடைபெற்றன. பாயும் துடுப்பும் இருந்த இடத்தை மோட்டர் படிப்படியாகப் பிடித்தது. அதனால் தொலைவான கடலுக்குச் சென்று விரைந்து மீளும் ஆற்றல் பெருகியது உண்மை. அதே வேளையில், தன் கரையிலே கிடைக்கும் மரத்தையும் கயிற்றையும் கொண்டு தொழில் செய்தவன், கடல்கடந்து வரும் உதிரிப்பாகத்துக்கும் எரிபொருளுக்கும் கட்டுப்பட்டவனானான். உற்பத்திச் சக்திகள் வளர்ந்தன. ஆனால் அவற்றின் மீதான ஆளுகை உழைப்பவனின் கையைவிட்டு நழுவியது.

பெற்றோலைவிட மலிவாக இருந்தமையாலேயே மண்ணெண்ணெய் மோட்டர்கள் எமது கரைகளிலே பரவின. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே குளிர்ந்த மோட்டரைப் பெற்றோலிலே தொடக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றினாற்றான் அடுத்தமுறை எளிதிலே தொடங்கும். அது கரியையும் கூடுதலாகப் படியவைக்கும். வளையங்கள் ஒட்டிக்கொள்வதற்கும் புகைவழி ஒடுங்குவதற்கும் இக்கரி ஒரு காரணம்.

1990களின் முதற் பாதியிலே பொருளாதாரத் தடையின்கீழ் யாழ்ப்பாணத்து மக்கள் சில துளிகள் பெற்றோலைக் கொண்டு மோட்டார் சைக்கிளைத் தொடக்கி மண்ணெண்ணெயிலே ஓட்டியதை அக்காலத்தில் வாழ்ந்தோர் மறந்திருக்கமாட்டார்கள். போர்க்காலத்தில் வட கடலிலே தொழில் செய்யும் நேரமும் தூரமும் மோட்டரின் பரிவலுவும் கட்டுப்படுத்தப்பட்டிருந்தன. புதிய மோட்டரோ பாகமோ எளிதில் கிடைக்காத அவ்வாண்டுகளிலே, இருப்பதைத் திருத்தி ஓட்டும் அறிவு கொட்டில்களிலே வளர்ந்தது. நமது முதியவரின் கைத்திறன் அந்த வரலாற்றின் விளைபொருள்.

போர் 2009இல் முடிந்தது. ஆனால் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி மண்ணெண்ணெய்க்கு நீண்ட வரிசைகளை உண்டாக்கிற்று. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. மண்ணெண்ணெயின் செலவை மீனின் விலையிலே ஏற்றிவிடும் வலிமை சிறு தொழிலாளிக்கு இல்லை. தன்னாற் குறைக்கக்கூடிய ஒரே செலவை, அதாவது கலவை எண்ணெயை, அவன் குறைக்கின்றான். அக்குறைப்பு உருளையின் சுவரிலே கோடாக விழுகின்றது. அந்தக் கோட்டை வாசிக்கத் தெரிந்தவர், ஒரு மோட்டரின் பழுதை மட்டுமன்றி ஒரு நாட்டின் பொருளாதாரத்தையும் அங்கே வாசிக்கலாம்.

அறிவும் மொழியும்

நமது பாடநூல்கள் பிஸ்ரனை ‘முசலம்’ என்கின்றன. கரையிலே எவரும் அவ்வாறு கூறுவதில்லை. அதே வேளையில் ‘வலு’, ‘அமுக்கம்’ போன்ற பாடநூற் சொற்கள் பாடசாலை வழியாகக் கரையை அடைந்துள்ளன. ‘இழுக்குதில்லை’, ‘மூச்சு முட்டுது’, ‘பட்டினி கிடக்குது’ என்று தொழிலாளர் கூறும் தொடர்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு நோய்க்குறியைத் துல்லியமாகச் சுட்டுவன. மோட்டரை உயிருள்ளதாகப் பாவிக்கும் அணியாக மட்டும் இவற்றைக் கருதுவது மேலோட்டமான பார்வையாகும். முதலாவது சுமையின்கீழ் வலுவின்மையையும், இரண்டாவது மிகை எரிபொருளையும், மூன்றாவது குறை எரிபொருளையும் குறிக்கும் வகைப்பாட்டுச் சொற்கள் அவை. கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் அகராதியைத் திறப்பதற்கு முன் கிடுகுக் கொட்டில்களுக்குச் செல்வது பயன்தரும்.

முதியவருக்கு எழுத்தறிவு சொற்பமே. ஆயினும் கருதுகோளை முன்வைத்தல், அதனைத் தவறென நிறுவக்கூடிய சோதனையை வகுத்தல், ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றுதல், விளைவைக் காரணமென மயங்காதிருத்தல் ஆகிய அனைத்தும் அவரது நடைமுறையிலே இருந்தன. நடைமுறையிலிருந்தே அறிவு பிறக்கின்றது என்று நாம் கருத்தரங்குகளிலே பேசுகின்றோம். அவ்வறிவு எந்த ஒழுங்கிலே பிறக்கின்றது என்பதை அங்கு கண்ணாற் கண்டேன். அதே வேளையில் இவ்வறிவை மிகைப்படுத்திப் புனிதமாக்கவும் வேண்டியதில்லை. அது எழுதப்படாத அறிவு, அவரோடு மறைந்துவிடக்கூடியது, முறிந்த இதழைத் தேடவேண்டும் என்பது எங்கேனும் எழுதப்பட்டு, தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கத்திலே கற்பிக்கப்பட்டிருந்தால், அந்த விடியற்புறத்து மூன்று மணி நேரம் நேர்ந்திருக்காது.

மேலுருளையைக் கடைந்து, சற்றுப் பருத்த பிஸ்ரனும் வளையங்களும் இட்டு, நீர்ப்பாதையைத் துப்புரவாக்கி மோட்டரைப் பூட்டினார்கள். புதிய மோட்டரின் விலையிலே சிறு பகுதியே செலவாயிற்று. காப்பு வீட்டிலே இருந்தது. முதன்முறை பீப்பாவிலே ஓடவிட்டபோது முதியவர் மோட்டரின் ஒலியைக் கேட்கவில்லை. பக்கத்திலே பீச்சிய நீர்த்தாரையையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அது பருமனாகவும் இடையறாமலும் வந்தது. “இனி எண்ணெயைக் குறையாதை, தம்பி” என்று மட்டும் சொன்னார். எண்ணெயைக் குறைக்காமல் தொழில் செய்யக்கூடிய நிலைமையை உண்டாக்குவது அவருடைய கொட்டிலில் முடிகிற காரியமன்று. அது கரையிலுள்ளோரின் கூட்டு முயற்சியையும், நம்மைப் போன்றோர் எந்தப் பக்கத்தில் நிற்கின்றோம் என்பதையும் பொறுத்தது.